கேள்வி கேட்கிற கஸ்டமர், கேட்காத கஸ்டமர்: ஆன்லைனில் பழைய கிராமபோன் விற்கிற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "பழைய பொருளை ஆன்லைன்ல விக்கலாம்னு ஆசை இருக்கு. ஆனா கஸ்டமரை நினைச்சா பயமா இருக்கு. எப்படிச் சமாளிக்கறீங்க?" ஒருத்தர் கேமரா விக்கறார், ஒருத்தர் பேனா, ஒருத்தர் கைக்கடிகாரம். எனக்குத் தெரிஞ்ச தொழில் கிராமபோன். அதை வெச்சே பேசறேன். உங்க பொருளுக்கு எது பொருந்துதோ அதை எடுத்துக்கோங்க.

முதல்ல பேரைச் சரி பண்ணிடலாம், ஏன்னா சண்டை பேர்லயே ஆரம்பிக்குது. எடிசன் 1877-ல செஞ்சது போனோகிராஃப். அதுல பாட்டு ஒரு உருளை மேல இருக்கும். பத்து வருஷம் கழிச்சு எமில் பெர்லினர் காப்புரிமை வாங்கினது கிராமபோன். அது வளர்ந்து வந்த வடிவம்தான் நமக்குத் தெரிஞ்ச தட்டு, நம்ம இசைத்தட்டு. அமெரிக்காவுல ரெண்டையும் போனோகிராஃப்னே சொல்லிடுவாங்க. நம்ம ஊர்ல ரெண்டும் கிராமபோன், இல்லன்னா பாட்டுப் பெட்டி. எனக்குத் தெரிஞ்ச ஒரு வியாபாரி, தேடறவங்க கண்ணுல படட்டும்னு "ஆன்டிக் போனோகிராஃப்"னு தலைப்பு போட்டு ஒரு தட்டுப் பெட்டியை வித்தார். வாங்கினவர் பார்சலைப் பிரிச்சுட்டு "உருளை எங்க சார்?"னு கேட்டார். ஒரு வாரம் சண்டை. வியாபாரி இன்னைக்கும் அந்த ஆளை "வில்லங்கம் புடிச்ச கஸ்டமர்"னுதான் சொல்லுவார். என்னைக் கேட்டா நியாயம் அந்த கஸ்டமர் பக்கம்தான். தலைப்புல போட்ட பொருளைத்தானே அவர் கேட்டார்?

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, கஷ்டமான கஸ்டமர்னு நாம பேர் வைக்கறவங்கள்ல நிறைய பேர் உண்மையில கஷ்டமானவங்க இல்லை. ஏற்கெனவே எங்கேயோ ஏமாந்தவங்க. இல்லன்னா, இது எப்படி வேலை செய்யும்னு யாரும் சொல்லிக் கொடுக்காம வாங்கினவங்க. நிஜமாவே கெட்ட எண்ணத்தோட வர்றவங்க ரொம்பக் கம்மி. ஆனா அவங்க பேச்சு ரொம்ப இனிமையா இருக்கும், அதுதான் சிக்கல். அவங்ககிட்ட அப்புறம் வர்றேன்.

பேரம் பேசறவங்களை ஒரு நிமிஷத்துல முடிச்சுடறேன். "ஹாய் ப்ரோ, லாஸ்ட் எவ்ளோ?" தினமும் வரும். "இதே பெட்டி அங்க 5,000-க்கு இருக்கு"ன்னு ஸ்கிரீன்ஷாட்டும் வரும். கோபப்பட இதுல ஒண்ணும் இல்லை. விலையை ஒரு தடவை சொல்லி, அதுல என்னென்ன வேலை நடந்திருக்குன்னு ரெண்டு வரி எழுதிட்டு விட்டுடுவேன். வாங்கறவர் திரும்பி வருவார். வராதவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். மூர் மார்க்கெட் 1985-ல எரியறதுக்கு முன்னாடி அங்க வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க, பேரம் பேசாம எதையும் வாங்கினதா யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய சாமானும் பேரமும் ஒண்ணா வளர்ந்தவை.

சரி, அந்த 5,000 ரூபாய் ஸ்கிரீன்ஷாட்ல என்ன இருக்கும்? இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், என் தொழில்ல பாதி சண்டைக்கு வேர் இங்கதான் இருக்கு. பளபளன்னு பெரிய பித்தளைக் குழாய். கீழே எண்கோணத்துலயோ சதுரத்துலயோ ஒரு மரப்பெட்டி, முன்னாடி நாய் படம் போட்ட வில்லை. பார்த்தா அப்படியே பழைய சினிமாவுல ஜமீன்தார் வீட்டுக் கூடத்துல இருக்கற மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது பழைய பொருளே இல்லை. பெட்டி புதுசு, குழாய் புதுசு, நாய் வில்லையும் புதுசு. உள்ள இருக்கற மோட்டார் மட்டும் ஏதோ ஒரு பழைய போர்ட்டபிள் பெட்டியை உடைச்சு எடுத்ததா இருக்கும். மும்பை சோர் பஜார்லயும் டெல்லியிலயும் இது வருஷக்கணக்கா விக்குது. வெளிநாட்டு கலெக்டர்கள் இதுக்கு "கிராப்போஃபோன்"னு ஒரு கெட்ட பேரே வெச்சிருக்காங்க. அவங்க "இந்தியாவுலேர்ந்து வர்ற கிராமபோன்"னு கேட்டாலே உஷாராயிடறதுக்குக் காரணம் இதுதான். நல்ல பெட்டி வெச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்கும் சேர்த்து அந்தக் கெட்ட பேர்.

அந்தக் காலத்துக் குழாய் கிராமபோன்கள்ல பித்தளை இருந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா நிறைய பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிச்ச இரும்புத் தகட்டுக் குழாய்தான், ஊமத்தம்பூ மாதிரி இதழ் இதழா விரிஞ்சிருக்கும். மரக்குழாயும் உண்டு. நூறு வருஷப் பொருள் எதுவுமே நேத்து தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி மின்னாது.

இதை அலங்காரத்துக்கு வாங்கி ஹால்ல வைக்கறவங்களைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்லை. அலங்காரப் பொருள்னு சொல்லி வித்தா அது நேர்மையான வியாபாரம். "தாத்தா காலத்து ஒரிஜினல்"னு சொல்லி விக்கறப்பதான் பிரச்னை. ஏன்னா அதை வாங்கினவர் அடுத்து உங்ககிட்ட வருவார். அப்ப அவர் பேசற தொனி எப்படி இருக்கும்?

மதுரையிலேர்ந்து ஒரு பெண். நான் ஒரு எச்.எம்.வி. 102 பெட்டியைப் போட்டிருந்தேன். 1931-ல வந்த மாடல், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிட்டுப் போகலாம், குழாய் வெளிய தெரியாது. அந்தப் பெண் முதல் நாளே பதினேழு மெசேஜ். "மோட்டார் ஒரிஜினலா?" "நாய் படம் எப்ப ஒட்டினது?" "ஸ்குரூ எல்லாம் பழசா?" "வீடியோ இன்னைக்கு எடுத்ததுன்னு எப்படி நம்பறது? இன்னைக்கு பேப்பரைப் பக்கத்துல வெச்சு எடுங்க." கடத்தல்காரங்கதான் பேப்பரை வெச்சு போட்டோ எடுப்பாங்கன்னு நினைச்சேன். ராத்திரி பதினொன்னரைக்கு, "மூடியோட உள்பக்கம் இன்னொரு போட்டோ." என் கூட வேலை பார்க்கற தம்பி, "அண்ணா, பிளாக் பண்ணிடலாம், இது வாங்கற கேஸ் இல்லை"ன்னான்.

நான் போன் பண்ணிக் கேட்டேன், "மேடம், இதுக்கு முன்னாடி எங்கயாவது வாங்கியிருக்கீங்களா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாங்க. அவங்க தாத்தா வாங்கின ரெக்கார்டுகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய வீட்டுல இருக்கு. பாகவதர் பாட்டெல்லாம் இருக்கு. தாத்தாவோட பாட்டுப் பெட்டி எப்பவோ போயிடுச்சு. அப்பாவோட 70-ம் கல்யாணம் வந்தப்ப, அதாங்க பீமரத சாந்தி, அப்பாவுக்குத் தெரியாம ஆன்லைன்ல ஒரு பித்தளைக் குழாய் பெட்டி வாங்கியிருக்காங்க. சொந்தக்காரங்க எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்க, அப்பாவே ரெக்கார்டை எடுத்து வெச்சு ஊசியை வெச்சிருக்கார். அரைப் பாட்டு பாடிச்சு, இழுத்துச்சு, நின்னுடுச்சு. மறுபடி சாவி கொடுத்து வெச்சாங்க. எடுத்துப் பார்த்தா ரெக்கார்டு மேல வட்டமா சாம்பல் கலர்ல ஒரு பட்டை.

அந்தச் சாம்பல் பட்டைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 78 ரெக்கார்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. அரக்குப் பூச்சியிலேர்ந்து எடுக்கற பிசினோட கல்பொடி எல்லாம் கலந்து அழுத்தினது. ஊசி இருக்கற கை, அதாவது டோன் ஆர்ம், சரியான கோணத்துல இல்லாம, சவுண்ட் பாக்ஸும் விறைச்சுப் போய் இருந்தா, ஊசி பள்ளத்துல ஓடாம பள்ளத்தோட சுவரைச் செதுக்கிக்கிட்டே போகும். செதுக்கின இடத்துல பாட்டு போச்சு. துடைச்சாலும் கழுவினாலும் திரும்ப வராது. அந்த ரெக்கார்டு அவங்க தாத்தா கையால வாங்கினது.

இப்ப சொல்லுங்க, பதினேழு மெசேஜ் அதிகமா?

நான் செஞ்சது இதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உட்கார்ந்தேன். மோட்டார் பலகையைத் திறந்து, ஸ்பிரிங் டப்பாவைக் காட்டினேன். எந்த பாகம் பெட்டியோட பிறந்தது, எதை நான் மாத்தினேன்னு ஒவ்வொண்ணா சொன்னேன். சவுண்ட் பாக்ஸ்ல ரப்பர் வளையம் புதுசு, பழசு கல்லு மாதிரி ஆயிடுச்சு, அதையும் எடுத்துக் காட்டினேன். ஸ்பிரிங்ல கிரீஸ் புதுசு. மூடி மேல உறை ஒரு மூலையில கிழிஞ்சு ஒட்டியிருக்கு. "ஒரிஜினலா"ன்னு அவங்க கேட்ட எந்த இடத்துலயும் நான் ஒரு வார்த்தையில "ஆமா"ன்னு சொல்லலை. அப்புறம் ஒரு ரெக்கார்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும், வெட்டாம, அவங்க பார்க்கப் பாடவிட்டேன். மூணு நிமிஷம் ரெண்டு பேரும் பேசலை. முடிஞ்சதும் தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினேன். வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வாரம் அவங்க அப்பா போன் பண்ணினார். "தம்பி, முதல்ல ஏதாவது சாதா ரெக்கார்டை வெச்சுப் பார்க்கணுமா, இல்ல நேரா பாகவதரை வைக்கலாமா?" நான் சாதா ரெக்கார்டைத்தான் சொன்னேன். ஏமாந்த மனுஷனுக்கு நம்பிக்கை ஒரே நாள்ல வராது, அவசரப்படுத்தவும் கூடாது.

இதுலேர்ந்து நான் தொழில்ல ரெண்டு வார்த்தையை விளம்பரத்துலேர்ந்தே எடுத்துட்டேன். ஒண்ணு "ஒரிஜினல்". இன்னொண்ணு "வொர்க்கிங் கண்டிஷன்". கேட்கறவர் ஒண்ணு நினைப்பார், நீங்க ஒண்ணு நினைப்பீங்க. தட்டு சுத்தினாலே வொர்க்கிங்னு விக்கறவர் நினைப்பார். வாங்கறவருக்கு வொர்க்கிங்னா புது போன் மாதிரி. அதனால நான் இப்படி எழுதறேன்: "முழுசா சாவி கொடுத்தா 10 அங்குல ரெக்கார்டு ஒரு பக்கம் வேகம் குறையாமப் பாடும். மோட்டார்ல மெல்லிய கரகர சத்தம் இருக்கு, பாட்டு ஓடும்போது கேட்காது. சவுண்ட் பாக்ஸ் ரப்பர் மாத்தியது. கைப்பிடி வேற பெட்டியோடது." நீளமா இருக்கும், கவர்ச்சியா இருக்காது. ஆனா சண்டை வந்தா அந்த நாலு வரிதான் நமக்குச் சாட்சி.

இங்க ஒரு சட்ட விஷயம். "பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது"ன்னு கீழே ஒரு வரி போட்டுட்டா நாம தப்பிச்சோம்னு பலர் நினைக்கறாங்க. 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் படிங்க. பொருள் பழுதா இருந்தாலோ, போலியா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லைன்னாலோ திரும்ப வாங்க மாட்டேன்னு விக்கறவர் மறுக்க முடியாது. அப்ப நம்மைக் காப்பாத்தறது "நோ ரிட்டர்ன்" இல்லை, விளம்பரத்துல என்ன சொன்னோம்ங்கறதுதான்.

அடுத்தது தெரியாம வாங்கினவங்க. இவங்க மேல எனக்குத் தனிப் பாசம். பெரும்பாலும் உங்க வயசுதான், இருபத்தஞ்சு முப்பது. இன்ஸ்டாவுல பார்த்து ஆசைப்பட்டு வாங்குவாங்க. மறுநாள் மெசேஜ் வரும். "வால்யூம் எங்க இருக்கு?" வால்யூம் இல்லைங்க. மின்சாரமே இல்லாத பெட்டியில வால்யூம் பொத்தான் எங்க வரும்? சத்தம் குறையணும்னா மெல்லிய ஊசி போடணும், இல்லன்னா மூடியைக் கொஞ்சம் சாத்தணும். அந்தக் காலத்துல அலமாரி மாதிரி வந்த விக்ட்ரோலாவுல முன்னாடி ரெண்டு கதவு இருக்கும், அதைத் திறந்து மூடறதுதான் வால்யூம். "ஒரு பாட்டு முடிஞ்சதும் நின்னுடுது." ஆமா, ஒரு பக்கம் மூணு நிமிஷம்தான், எழுந்து போய்த் திருப்பிப் போடணும். "ஊசியைத் தினமும் மாத்தணுமா?" தினமும் இல்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும். இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே முனை தேஞ்சுடும். தேஞ்ச ஊசியை மறுபடி வெச்சா அது ரெக்கார்டைத் தின்னும். அதனாலதான் ஊசி டப்பாவுல 200, 200-ஆ வித்தாங்க.

இதுல பெரிய ஆபத்து எல்.பி. ரெக்கார்டு. ஒரு பையன், பெங்களூர்ல ஐ.டி. வேலை, கோபமா எழுதினான்: "உங்க பெட்டி என் ரெக்கார்டை நாசம் பண்ணிடுச்சு. ரீஃபண்ட் பண்ணுங்க, ரெக்கார்டுக்கும் காசு கொடுங்க." போட்டோவைப் பார்த்தா புது வினைல் எல்.பி. அதை கிராமபோன்ல போட்டிருக்கான். இன்னைக்கு டேபிள்ல வர்ற டர்ன்டேபிள் ஊசி ரெக்கார்டு மேல ரெண்டு கிராம் அளவுலதான் அழுத்தும். கிராமபோன் சவுண்ட் பாக்ஸ் 100 கிராமுக்கு மேல அழுத்தும். வினைல் தாங்குமா? நான் விளம்பரத்துலயே "78 வேக அரக்கு ரெக்கார்டு மட்டும்"னு போட்டிருந்தேன், பெட்டி மூடியில ஒரு அட்டையும் கட்டியிருந்தேன். சட்டப்படி அவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த வரியைக் காட்டி "படிக்கலையா தம்பி?"ன்னு கேட்டா அவன் அந்தப் பெட்டியை வெறுத்துடுவான். எதனால வீணாச்சுன்னு ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பினேன். காசு கொடுக்கலை. அதோட ரெண்டு சாதா 78 தட்டு அனுப்பி வெச்சேன், கூரியர் செலவு அவனோடது. அவனுக்கு இன்னொரு சேதியும் சொன்னேன்: பீட்டில்ஸ் பாட்டெல்லாம் இந்தியாவுல 78 தட்டுல வந்திருக்கு. மத்த நாடுங்க அதை விட்ட பிறகும் நாம 1960-கள்ல அரக்குத் தட்டு அடிச்சுக்கிட்டிருந்தோம். அவன் இப்ப அதைத் தேடி அலையறான். விலை கேட்டு அப்பப்ப அழறான், அது வேற கதை.

"பாட்டு இழுக்குது, மோட்டார் போச்சு"ங்கற புகாருக்கு ஒரு சின்ன வித்தை இருக்கு, எழுதிக்கோங்க. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்றதுக்கு முன்னாடி இதைச் செய்யச் சொல்லுங்க. தட்டு ஓரத்துல ஒரு துண்டு பேப்பரைச் செருகணும். முழுசா சாவி கொடுத்து, ஊசியை ரெக்கார்டு மேல வெச்சு, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, 20 செகண்டுல பேப்பர் எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணணும். 26 வந்தா சரியான வேகம். குறைஞ்சா வேகம் வைக்கற நெம்பை நகர்த்தணும். ஊசி வைக்காம எண்ணினா கணக்கு தப்பும், ஏன்னா ஊசியோட இழுப்பும் சேர்ந்துதான் வேகம். இந்த ஒரு வேலையிலயே பாதி பேர் பிரச்னை அங்கயே தீர்ந்துடும். தீரலைன்னா அப்ப நிஜமாவே ஸ்பிரிங்ல கோளாறு, நான் என் செலவுல வரவழைச்சுப் பார்ப்பேன். கஸ்டமரோட கையில ஒரு சின்ன சோதனையைக் கொடுத்தா அவர் கோபம் வேலையா மாறிடுது. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி கத்திக்கிட்டு இருந்தவர், "சார், 24 வருது, இருங்க... இப்ப 26!"ன்னு சந்தோஷமா கத்துவார்.

கூரியர்ல உடைஞ்சு போறது பத்திச் சொல்லணும். அனுப்பறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கை முழுசா ஓடவிட்டு இறக்கிடுங்க. தட்டைக் கழற்றித் தனியா, சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் தனியா, குழாய் இருந்தா வேற பெட்டியில. பெட்டிக்கு வெளிய ஒரு பெட்டி, நடுவுல நாலு பக்கமும் மெத்தை. மொத்தத்தையும் வெட்டாம வீடியோ. சவுண்ட் பாக்ஸ் உள்பக்கம் வெளிய தெரியாத இடத்துல ஒரு சின்ன அடையாளம் வெச்சு, அதையும் வீடியோவுல காட்டிடுங்க. காரணம் இருக்கு. ரிட்டர்ன்ல நல்ல சவுண்ட் பாக்ஸை எடுத்துக்கிட்டு, உடைஞ்ச ஒண்ணை மாட்டி அனுப்பற ஆளுங்க இருக்காங்க. அந்தக் காலத்து சில சவுண்ட் பாக்ஸ்கள் துத்தநாகக் கலவையில வார்த்தவை. வருஷம் போகப் போக அது உப்பி, வெடிச்சுப் போயிடும். அப்படி வெடிச்சது ஒண்ணு கையில இருக்கறவருக்கு உங்க நல்ல சவுண்ட் பாக்ஸ் மேல கண்ணு. இந்த மாதிரி ஆள்கிட்ட "திருட்டுப் பய"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அடையாளம் பொருந்தலை சார், நான் அனுப்பினது வந்ததும் அன்னைக்கே பணம் போடறேன்"னு ஒரு வரி. எனக்கு ஒரு தடவை ரெண்டே நாள்ல வந்து சேர்ந்தது, "தவறுதலா மாறிடுச்சு"ன்னு ஒரு சீட்டோட. நானும் "பரவாயில்லை சார்"னு எழுதிட்டேன். அவருக்கும் வெளிய போக ஒரு கதவு வேணுமே.

ரிவ்யூ மிரட்டல். "3,000 திருப்பிக் கொடுங்க, இல்லன்னா ஒரு ஸ்டார் போட்டு எல்லா குரூப்லயும் எழுதுவேன்." படிக்கும்போது கை நடுங்கும், ரத்தம் கொதிக்கும். அந்த நேரத்துல வாய்ஸ் நோட் மட்டும் அனுப்பாதீங்க. நான் எழுதறது இப்படி இருக்கும்: "வணக்கம் சார். பெட்டி 12-ம் தேதி கிளம்பினப்ப எடுத்த வீடியோவை மறுபடி அனுப்பியிருக்கேன். 2 நிமிஷம் 10 செகண்டுல மூடியோட கீல் முழுசா இருக்கறது தெரியுது. இப்ப எப்படி இருக்குன்னு வெளிச்சத்துல ஒரு போட்டோ அனுப்புங்க. நாளைக்கு 11 மணிக்குள்ள பதில் சொல்றேன்." அவ்வளவுதான். பெட்டியில நிஜமாவே குறை இருந்தா முழுப் பணத்தையும் கொடுத்து பொருளைத் திரும்ப வாங்கிப்பேன். குறை இல்லாம 3,000 ரூபாய் மட்டும் கேட்டா கொடுக்கறதில்லை. ஒரு தடவை கொடுத்தா நம்ம வாயை மூட ஒரு விலை இருக்குன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. ஒரு ஸ்டார் போட்டா போடட்டும். அதுக்குக் கீழே தேதியோட, அமைதியா பதில் எழுதுங்க. அடுத்து வாங்க வர்றவர் ஸ்டாரை விட அந்தப் பதிலைத்தான் படிப்பார்.

வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க. இது மனசுக்குக் கஷ்டமான விஷயம். டொரொன்டோவுல ஒருத்தர், எங்கிட்ட இருந்த ஒரு பழைய குழாய் பெட்டியைக் கேட்டார். நிஜமாவே பழசு, 1910-கள்ல செஞ்சது. விலையில ஒரு பைசா குறைக்கச் சொல்லலை. 1972-ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின இந்த மாதிரிப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். "பழைய ஃபர்னிச்சர்னு எழுதி அனுப்புங்க தம்பி, யார் பார்க்கப் போறா?"ன்னார். பார்த்தா ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. முடியாதுன்னேன். அப்புறம் கோபம் வந்துடுச்சு. "நம்ம பாட்டன் வீட்டுப் பொருளை நமக்கே தரமாட்டேன்னு சட்டமா?"ன்னு கேட்டார். ஊரை விட்டு முப்பது வருஷம் ஆன மனுஷன் ஒரு பாட்டுப் பெட்டிக்காகக் கத்தறார்னா, அது பெட்டிக்காக இல்லைன்னு புரியுது. ஆனாலும் முடியாது. 1930, 40-கள்ல வந்த பெட்டியைக் காட்டினேன். தொல்பொருள் இல்லைங்கற சான்றிதழ் தொல்லியல் துறைகிட்ட வாங்கித்தான் அனுப்பணும்னும் சொன்னேன். அவர் பதில் போடலை. அவரை நான் இழந்துட்டேன், அது அப்படியே இருக்கட்டும். இந்தக் கோடு வருஷா வருஷம் நகருதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 1924-ல செஞ்ச பெட்டி 2024-ல அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு. போன வருஷம் அனுப்ப முடிஞ்சதை இந்த வருஷம் அனுப்ப முடியாம போகலாம்.

இப்ப, முதல்ல சொன்ன அந்த இனிமையான ஆளுங்க. மெசேஜ் இப்படி வரும்: "சார், பொருள் பிடிச்சிருக்கு. விலை ஓகே. நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, ஆள் அனுப்பி எடுத்துக்கறேன். பணம் இப்பவே போடறேன், க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க." பார்த்தீங்களா? பெட்டி பாடுமான்னு கேட்கலை. எந்த வருஷம்னு கேட்கலை. "லாஸ்ட் எவ்ளோ"கூட கேட்கலை. பணம் வாங்கறதுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் நம்ம கணக்குலேர்ந்து வெளிய போகுதுன்னு அர்த்தம். பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் வந்தாலும், நம்ம பேங்க் கணக்குல வந்து விழுந்ததைப் பார்க்காம பெட்டியை அசைக்காதீங்க. எங்கிட்ட ராத்திரி பதினொன்னரைக்கு ஸ்குரூ போட்டோ கேட்டவங்க யாரும் இதுவரைக்கும் என்னை ஏமாத்தினதில்லை. இப்பல்லாம் ஒரு கேள்வியும் கேட்காம ஒருத்தர் "ஓகே சார்"னா, என் கூட இருக்கற தம்பி உடனே நிமிர்ந்து உட்கார்ந்துடறான்.

கடைசியா, தஞ்சாவூர்லேர்ந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எங்க வீட்டுப் பரண்ல தாத்தா பெட்டி ஒண்ணு இருக்கு. விக்கலாமா, எப்படி விளம்பரம் போடறது?" விக்கறதும் வெச்சுக்கறதும் உங்க இஷ்டம். ஆனா இறக்கினதும் பாலிஷ் போடாதீங்க, பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. சாவியும் உடனே கொடுக்காதீங்க, உள்ள கிரீஸ் கெட்டியாகி இருக்கும். மெல்லிய துணியால தூசி மட்டும் துடைச்சுட்டு, பகல் வெளிச்சத்துல மூடியைத் திறந்து ஒண்ணு, சவுண்ட் பாக்ஸை கிட்டத்துல ஒண்ணு, கைப்பிடி நுழையற துவாரம் ஒண்ணு, ஏதாவது நம்பர் இருந்தா அது ஒண்ணு, போட்டோ எடுத்து நம்ம எபிசோட் பக்கத்துல இருக்கற முகவரிக்கு அனுப்புங்க. கூடவே தாத்தாவோட ரெக்கார்டு ஏதாவது இருக்கான்னும் தேடிப் பாருங்க. அதைப் படுக்க வைக்காம, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.